நாயகன் பக்கத்திலிருந்து ஒரு வாம்பயர் காதல் கதை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாயகி சொன்ன கதையை நாயகன் வாயால் மறுபடி சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணம் எல்லாம் ஒரே ஜோடிப் புத்தகத்திலிருந்து: ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்', அதே கதையை எட்வர்ட் சொல்லும் 'மிட்நைட் சன்'.

படிக்காதவர்களுக்குக் கதை இவ்வளவுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்க்ஸ் என்ற மழை ஊர். போலீஸ் அதிகாரியான அப்பாவோடு தங்க அங்கே வருகிறாள் 17 வயது பெல்லா. உயிரியல் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் எட்வர்ட் கல்லன், 1918 விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்து வாம்பயராக்கப்பட்டவன். மிருக ரத்தம் மட்டும் குடிக்கும் குடும்பம். பிறர் மனதில் ஓடுவது அவனுக்குக் கேட்கும். பெல்லாவின் மனது மட்டும் கேட்காது. அவளுடைய ரத்த வாசனை அவனைக் கொலைவெறி வரை கொண்டுபோகிறது. அங்கிருந்துதான் காதல் தொடங்குகிறது.

ஒரே கதையை ரெண்டு தடவை எழுதுறதுல என்ன இருக்கு? ஏற்கனவே படிச்சதுதானே?

சம்பவம் ஏற்கனவே படித்ததுதான், அதன் காரணம் அப்படியில்லை. ட்வைலைட்டில் எட்வர்ட் முதல் வகுப்பில் முஷ்டியை இறுக்கிக்கொண்டு, நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறான். தன்னைப் பார்த்து அருவருக்கிறான் என்று பெல்லா நினைக்கிறாள். மிட்நைட் சன்னில் அதே ஒரு மணி நேரம், வகுப்பில் இருக்கும் எல்லோரையும் எந்த வரிசையில் கொன்றால் அவளை அடையலாம் என்ற கணக்காக ஓடுகிறது. இருவருக்கும் இடையில் நடந்தது ஒன்றுதான், ஆனால் கதை இரண்டு.

தமிழ் வாசகருக்கு இது புதிதும் அல்ல. அகப்பாடல்களைத் தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று என்று யார் பேசுகிறார் என்பதை வைத்தே பிரித்துப் படித்துப் பழகியவர்கள் நாம். வாம்பயர் கதையிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1897-இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' பெரும்பாலும் மற்றவர்களின் நாட்குறிப்பும் கடிதங்களும். வாம்பயரான டிராகுலா பிரபுவின் தரப்பு அதில் இல்லை. 1975-இல் ஃப்ரெட் சேபர்ஹேகன் 'தி டிராகுலா டேப்' எழுதி, பிரபுவையே ஒலிநாடாவில் பேசவைத்தார்.

மிட்நைட் சன் வர ஏன் இத்தனை வருஷம் ஆச்சு?

ட்வைலைட் 2005 அக்டோபரில் வந்தது. எட்வர்ட் பக்கத்துக் கதையை மேயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, 2008 ஆகஸ்டில் அரைகுறைப் பிரதி இணையத்தில் கசிந்துவிட்டது. அவரே 12 அத்தியாயங்களைத் தன் தளத்தில் போட்டுவிட்டு, வேலையைக் காலவரையின்றி நிறுத்தினார். முழுப் புத்தகம் 2020 ஆகஸ்ட் 4 அன்றுதான் வெளியானது.

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. ட்வைலைட்டின் ரசிகர் புனைவாகத் தொடங்கி, பெயர்கள் மாறி, வாம்பயரும் போய், பெரிய வியாபாரமான 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே'யின் ஆசிரியர், 2015-இல் தன் கதையையே நாயகன் பக்கத்திலிருந்து 'கிரே' என்று வெளியிட்டார். அந்த ஆண்டு மேயர் எழுதியது எட்வர்ட் கதையை அல்ல. ஆணும் பெண்ணும் இடம் மாறிய ட்வைலைட்டை. பால் மாற்றமும் பார்வை மாற்றமும் வேறு வேறு வேலை என்பதற்கு அதுவே நல்ல சான்று. ஆண்–பெண் மாறியும் சொல்கிறவர் கிட்டத்தட்டக் கடைசி வரை மனிதராகவே இருந்ததால், வாம்பயரின் மனது அதிலும் மூடியேதான் இருந்தது.

எழுத உட்கார்றதுக்கு முன்னாடி என்ன தயார் பண்ணி வச்சுக்கணும்?

ஒரு காட்சிக் கணக்கு. மூலக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, காட்சிக்கு ஒரு வரியாக ஐந்து கட்டம் போடுங்கள்: நாள், நேரம், வானிலை ஒரு கட்டம். மாற்ற முடியாத வசனமும் செயலும் அடுத்தது. காட்சிக்கு முந்தின நிமிடம் நாயகன் எங்கே இருந்தான், முடிந்ததும் எங்கே போனான் என்பது மூன்றாவது. அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தெரியும் என்பது நான்காவது. ஐந்தாவது கட்டம் அவன் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டான் என்பதற்கு. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் காட்சியை எழுதவே வேண்டாம். எழுதினால் மூலத்தின் நகலாகத்தான் வரும்.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு புத்தகங்களின் அத்தியாயத் தலைப்புகளை எதிரெதிரே வைத்தாலே பார்க்கலாம். முதல் இரண்டு அத்தியாயங்களின் தலைப்புகள் இரண்டு புத்தகத்திலும் ஒன்றே. 'போர்ட் ஏஞ்சலிஸ்', 'தியரி', 'கன்ஃபெஷன்ஸ்', 'தி கேம்', 'தி ஹண்ட்' என்று இருவரும் சேர்ந்திருக்கும் பல இடங்களிலும் தலைப்பு மாறவில்லை. பெல்லா கடற்கரையில் பழங்கதை கேட்கும் 'ஸ்கேரி ஸ்டோரீஸ்', அதற்கடுத்த 'நைட்மேர்' இரண்டும் எட்வர்ட் புத்தகத்தில் இல்லை. அங்கே 'மெலடி', 'கோஸ்ட்' வருகின்றன. கடைசியில் பெல்லா ஹோட்டல் அறையில் காத்திருக்கும் 'இம்பேஷன்ஸ்', 'ஃபோன் கால்' அத்தியாயங்களுக்குப் பதில் 'ஆம்புஷ்', 'ரேஸ்'. தலைப்பு பிரிகிற இடத்தில்தான் கதையும் பிரிகிறது. உங்கள் கணக்கிலும் இப்படிப் பிரிகிற இடங்களை முதலில் வட்டமிடுங்கள். வேலை அங்கேதான் இருக்கிறது.

பழைய வசனத்தை அப்படியே வைக்கணுமா? கொஞ்சம் மாத்திக்கலாமா?

சொன்ன வார்த்தை மாறக்கூடாது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இருப்பது முழுக்க உங்களுடையது. நாயகி புத்தகத்தில் 'அவன் சிரித்தான்' என்று இருந்தால் இங்கேயும் சிரிக்கத்தான் வேண்டும். அது எரிச்சலை மறைக்கச் சிரித்ததா என்பது உங்கள் கையில்.

நீளமான உரையாடல்தான் சிக்கல். மூலத்தில் மூன்று பக்கம் பேசியிருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வசனமாக வையுங்கள். மீதியை 'அம்மாவைப் பற்றிக் கேட்டேன், சொன்னாள்' என்று ஒரு வரியில் கடந்துவிடலாம். எந்த மூன்றில் ஒரு பங்கு? அவனுடைய கணிப்பு பொய்யாகிற வரிகள். வாசகர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வரிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் சுருக்காதீர்கள்; அந்த இடத்தில் அவன் மனதில் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ளத்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.

நாயகன் அந்த இடத்துலயே இல்லாத காட்சியை என்ன பண்றது?

மூன்று வழி உண்டு. விட்டுவிடலாம், பிறகு யாராவது சொல்லிக் கேட்கவைக்கலாம், இன்னொருவர் கண் வழியே பார்க்கவைக்கலாம். லா புஷ் கடற்கரையில் அந்தப் பகுதிப் பழங்குடி இளைஞன் ஜேக்கப் பெல்லாவிடம் குளிர்ந்த உடம்புக்காரர்களின் கதையைச் சொல்லும்போது எட்வர்ட் அங்கே இல்லை. அந்தப் பழங்குடியோடு கல்லன் குடும்பம் செய்த பழைய ஒப்பந்தப்படி எட்வர்ட் அந்த நிலத்தில் கால்வைக்கவும் முடியாது. ஆகவே அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது பின்னால் காரில் அவள் வாயால் வரும்போதுதான் அவனுக்கு இடியாக இறங்குகிறது. விட்டதுதான் அங்கே லாபம்.

போர்ட் ஏஞ்சலிஸ் ஊரில் நேர் எதிர். பெல்லா தோழிகளோடு கடைக்குப் போகிறாள். எட்வர்ட் ஜெஸிகாவின் மனது வழியே அவளைப் பின்தொடர்கிறான். அவள் தனியே பிரிந்து புத்தகக் கடை தேடிப் போனதும் நூல் அறுந்துபோகிறது. பிறகு அவள் முகம் மறுபடி தெரிவது, அவளை வழிமறிக்கும் ஒருவனின் மனதில். நாயகி பக்கத்தில் கார் திடீரென்று வந்து நின்று காப்பாற்றிவிடுகிறது. நாயகன் பக்கத்தில் அதற்கு முந்தைய சில நிமிடங்கள்தான் அத்தியாயமே. மனதைப் படிக்கும் சக்தியை வைத்து எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சக்தி செயலிழக்கும் இடத்தில்தான் காட்சிக்கு உயிர் வருகிறது.

நாயகி கூட இல்லாதப்போ அவன் என்ன பண்ணிட்டு இருந்தான்னு எவ்வளவு எழுதலாம்?

தாராளமாக. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பகுதி நாயகி புத்தகத்தில் விளக்கமில்லாமல் கிடக்கும் ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். வேன் விபத்திலிருந்து எட்வர்ட் அவளைக் காப்பாற்றிய இரவு, பெல்லாவுக்கு முதல்முறை அவன் கனவில் வருகிறான். அவள் கணக்கில் அந்த நாள் அவ்வளவுதான். அவன் கணக்கில் அது, ரகசியம் தெரிந்துவிட்ட இந்தப் பெண்ணை உயிரோடு விடலாமா என்று குடும்பம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாதிடும் நாள். விடக்கூடாது என்ற பக்கம் அவன் குடும்பத்துச் சகோதர சகோதரிகளான ரோஸலியும் ஜாஸ்பரும்.

சின்ன உதாரணமும் உண்டு. ட்வைலைட்டில் சக மாணவர்கள் ஆஞ்சலாவும் பென்னும் ஜோடியாவது ஓரமாக நடந்துபோகிற விஷயம். மிட்நைட் சன்னில் அது எட்வர்டும் அவன் சகோதரன் எம்மெட்டும் பென்னுக்குக் கேட்கும்படி ஒரு போலி உரையாடல் நடத்தி, அவனுக்குப் பொறாமையும் துணிச்சலும் ஊட்டியதன் விளைவு. நாயகி மேல் ஏற்கனவே அன்பாக இருந்த ஒரு தோழிக்கு அவன் செய்யும் கைம்மாறு அது. அவனைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிகிறது, பழைய கதையில் ஒரு முடிச்சும் அவிழ்கிறது. வேட்டைக்குப் போனான், வந்தான், மலையில் ஓடினான் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. முதல்முறை ஒரு வேட்டை போதும்.

அவ சாகமாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் விறுவிறுப்புக்கு எங்க போறது?

அவள் பிழைப்பாளா என்ற கேள்வியை மூட்டை கட்டிவிடுங்கள். அந்தக் கேள்விக்கு விடை அச்சாகிவிட்டது. அவன் எவ்வளவு தூரம் போவான் என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. முதல் வகுப்பில் அவன் யாரையும் கொல்லவில்லை என்பது தெரிந்தே படிக்கிறோம். ஆனாலும் அந்தக் கொலைக் கணக்கு அவ்வளவு நுணுக்கமாக விரியும்போது மூச்சுமுட்டுகிறது. முடிவு தெரிந்திருக்கலாம், எவ்வளவு நெருங்கினான் என்பது தெரியாது.

இரண்டாவது வழி தவறான புரிதல். அவள் தன்னைக் கண்டு பயந்துவிட்டாள் என்று அவன் நம்பும் ஒவ்வொரு தடவையும், அவள் பயப்படவில்லை என்பது வாசகருக்குத் தெரியும். நாயகனைவிட வாசகருக்கு அதிகம் தெரிந்திருக்கும் அபூர்வ வகைக் கதை இது. மேடை நாடகத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனைப் பார்வையாளர் மட்டும் பார்ப்பது போல. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அவன் மர்மமா இருந்ததாலதானே எல்லாருக்கும் பிடிச்சுது? மனசைத் திறந்து காட்டினா கெட்டுப் போயிடாதா?

கெட்டுப்போகும், அவன் தன்னைத் தானே விளக்கிக்கொண்டே இருந்தால். 'நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால்' என்று ஒரு பத்தி தொடங்கினாலே அடித்துவிடுங்கள். மர்மத்தை இடம் மாற்றுவதுதான் சரியான வழி. முதல் புத்தகத்தில் புதிர் அவன். இங்கே புதிர் அவள். பள்ளிக்கூடமே உள்ளே இரைச்சலாகக் கேட்கும் ஒருவனுக்கு ஒரே ஒரு பெண் மட்டும் மௌனம். இந்த ஏற்பாட்டை மேயர் 2005-லேயே வைத்துவிட்டது பெரிய அதிர்ஷ்டம். உங்கள் கதையில் மனதைப் படிக்கும் சக்தி இல்லையென்றாலும், நாயகனுக்குத் தன் தொழிலில், தன் வயதில் எல்லோரையும் எடைபோடத் தெரியும், இவளை மட்டும் முடியவில்லை என்ற ஏற்பாடு வேண்டும்.

நூறு வயசு ஆளு, உடம்புக்குப் பதினேழு. அவன் தமிழ் எப்படி இருக்கணும்?

எட்வர்ட் பிறந்தது 1901, சிகாகோ. வகுப்பறையில் பேசுவது சக மாணவனைப் போல; உள்ளே யோசிப்பது அந்தக் காலத்து ஆளாக. தமிழில் இதைக் காட்டுவது ஆங்கிலத்தைவிட எளிது, ஏனென்றால் நமக்கு எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்று இரண்டு தயாராக இருக்கின்றன. உள்மனதை எழுத்துத் தமிழிலும், வாய் திறந்தால் பேச்சுத் தமிழிலும் வையுங்கள். 'அவளை நெருங்கும் தகுதி எனக்கில்லை' என்று நினைத்துவிட்டு, 'உனக்கு வேற வேலையே இல்லையா?' என்று கேட்பான். அந்த இடைவெளியே அவன் வயது.

அதிகமாகப் போனால் புராணப் படமாகிவிடும். பத்திக்கு ஒரு பழைய சொல் போதும். 'கண்ணே, பேதையே' எல்லாம் வேண்டவே வேண்டாம். விளிப்பு 'நீ'தான், சக மாணவியை 'நீங்கள்' என்றால் டப்பிங் படம் மாதிரி இருக்கும். கோபத்தில் விலகி நிற்கும் காட்சியில் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிடுவது 'நீங்கள்' செய்யும் வேலையைச் செய்யும்.

மத்தவங்க மனசுல ஓடுறதை எப்படிக் காட்டுறது? சாய்வெழுத்து போட்டா போன்ல ஒண்ணும் தெரியல.

தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சரியான சாய்வெழுத்து இல்லை. கருவி எழுத்தைச் சும்மா சாய்த்துவிடும், சில செயலிகள் அதையும் செய்வதில்லை. அதை நம்பாதீர்கள். ஒற்றை மேற்கோள் குறி போதும், அல்லது எண்ணத்தைத் தனி வரியாக விடுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசி வரை அதுவே இருக்கட்டும்.

உண்மையான சிக்கல் 'என்று'. தமிழில் 'என்று நினைத்தாள்' வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். நாலு பேர் இருக்கும் கேண்டீனில், எண்ணம் முடிந்த பிறகுதான் அது யாருடையது என்று வாசகருக்குத் தெரியும். ஆளை முன்னால் கொண்டுவாருங்கள். 'இவளைப் போய் ஏன் பார்க்கிறான் என்று ஜெஸிகா நினைத்தாள்' என்பதைவிட, 'ஜெஸிகாவுக்குள் புகைச்சல். இவளைப் போய் ஏன் பார்க்குறான்?' நன்றாக இருக்கும். ஒவ்வொரு மனதுக்கும் ஒரு பேச்சு வழக்கு கொடுங்கள்: ஒருத்தி எதையும் பாதியில் விடுவாள், ஒருவன் படமாகவே யோசிப்பான், ஒருவருக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காட்சியில் மூன்று மனதுக்கு மேல் திறந்தால் சந்தைக்கடையாகிவிடும்.

இன்னொன்றும் தமிழுக்கே உரியது. மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவன் 'போல', 'போலிருக்கிறது' சொல்லவே கூடாது. அவனுக்குத் தெரியும், 'அவனுக்குப் பொறாமை' என்று அடித்துச் சொல்வான். நாயகியிடம் மட்டும் எல்லாம் 'போல': 'பயந்துவிட்டாள் போலிருக்கிறது', 'கோபம் போல.' ஒரு வாசகர்கூட இதைக் கவனித்துச் சொல்லமாட்டார். ஆனால் அவள் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை என்பது எல்லோருக்கும் உறைக்கும்.

ஒவ்வொரு பக்கத்துலயும் தொண்டை எரியுது, வாசனை இழுக்குதுன்னு எழுதி எனக்கே அலுத்துப் போச்சு. என்ன பண்ண?

தாகத்துக்கு அளவுகோல் வையுங்கள். இந்தக் கதையுலகில் அது ஏற்கனவே இருக்கிறது: மிருக ரத்தம் குடித்தவுடன் கண் பொன்னிறம், நாளாக ஆக இருண்டு கடைசியில் கறுப்பு. நாயகி கண்ணைப் பார்த்து நாள் கணக்குச் சொல்லிவிடுவாள். அவனால் தன் கண்ணைப் பார்க்க முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். 'என் கண்கள் கறுத்தன' என்று அவன் எழுதினால் அது நாயகியின் வாக்கியம், தவறிப்போய் இவன் வாயில் வந்திருக்கிறது. கண்ணாடி வேண்டும், அல்லது எதிரே நிற்பவரின் மனதில் தன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முழுக்க வர்ணிக்கும் காட்சிகள் மொத்தக் கதையிலும் நாலைந்து: முதல் வகுப்பு, முதல் தொடுகை, முதல் முத்தம், அவள் ரத்தம் சிந்தும் இடம். மற்ற இடங்களில் ஒரு சொல்லோ உடலின் ஒரு அசைவோ போதும்: மூச்சை நிறுத்தினான், ஜன்னலைத் திறந்தான். மூச்சு தேவையில்லாத உடம்பு, ஆனால் பேசுவதற்குக் காற்று வேண்டும் என்பதை வைத்துக்கொண்டு எத்தனையோ செய்யலாம். பேசினால் மணக்கும், ஆகவே மௌனமாக இருக்கிறான். அவளுக்கு அது திமிராகத் தெரிகிறது.

அவ தூங்கும்போது ராத்திரி ஜன்னல் வழியா வந்து பாக்குறான். அதை அவன் வாயாலயே எழுதினா அசிங்கமா இருக்காதா?

இருக்கும். இருக்கத்தான் வேண்டும். நாயகி புத்தகத்தில் அவன் பின்னால் ஒப்புக்கொள்கிறான், அவள் வெட்கப்படுகிறாள், காட்சி முடிந்துவிடுகிறது. அவன் பக்கத்தில் அத்தனை சுலபமாகத் தப்பிக்க வழியில்லை: இரவு, சத்தம் போடும் ஜன்னல், அடுத்த தடவை எண்ணெய் கொண்டுவர வேண்டும் என்ற திட்டம் எல்லாம் எழுத்தில் வந்துவிடுகின்றன. தெரியாமல் செய்த தப்பை மன்னிக்கிற வாசகர் எண்ணெய்ப் புட்டியை மன்னிப்பது கடினம்.

இதில் பலர் செய்யும் பிழை, காதல் வர்ணனையைக் கூட்டி மூடிமறைப்பது. கூட்டக் கூட்ட நாற்றம்தான் அதிகமாகும். அவன் செய்வது தப்பு என்று அவனுக்கே தெரிய வேண்டும். அதைத் தெரிந்தும் செய்கிறான் என்பது தெளிவாக வர வேண்டும். அவன் சொல்லும் சமாதானம், ஆபத்து வந்தால் காப்பாற்றலாம் என்பது போல, கொஞ்சம் ஓட்டையாகவே இருக்கட்டும். எங்கள் கருத்தில் இங்கே மேயர் கொஞ்சம் இளகிவிட்டார். குற்றவுணர்ச்சி பக்கம் பக்கமாக வருகிறது, ஆனால் அது அவனைத் தடுப்பதில்லை, ஆகவே எடையில்லாமல் போகிறது. நீங்கள் புதிதாக எழுதுகிறீர்கள் என்றால், அவளுக்குத் தெரியவரும் காட்சியில் அவளுக்குக் கோபம் வரலாம். மூலத்தில் அவள் வெட்கத்தோடு நின்றிருந்தால் வசன விதி தடுக்கும். அப்போது அவள் வெட்கத்தை அவன் நம்பாமல் இருக்கலாம்.

நான் எழுதினதுல நாயகி பொம்மை மாதிரி ஆயிட்டா. முதல் புத்தகத்துல அப்படி இல்லையே?

அங்கே அவள் யோசித்தாள், நாம் கேட்டோம். இங்கே அவளுடைய யோசனை கேட்காது. மிஞ்சுவது முகம், கூந்தல், வாசனை. வர்ணித்துக்கொண்டே போனால் பொம்மைதான். அவளுக்குச் செயல் கொடுங்கள். மூலத்தில் அவள் மனதுக்குள் எடுத்த ஒவ்வொரு முடிவும் கையிலும் காலிலும் எப்படித் தெரிந்தது என்று தேடுங்கள்: அவள் தட்டை நகர்த்தினாள், பாதை மாறி நடந்தாள், கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னாள். அவன் அதைக் கவனித்து, தப்பாகக் கணக்குப் போடட்டும். ஒரு காட்சியில் அவள் உருவ வர்ணனை இரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் மூன்றாவதை அழித்து, அவள் செய்த ஒரு காரியத்தைப் போடுங்கள்.

எதிர்காலம் தெரியுற பாத்திரம் ஒண்ணு இருக்கு. நாயகனுக்கும் அது தெரிஞ்சுட்டா கதையே முடிஞ்சிடுமே?

எட்வர்டின் குடும்பத்துச் சகோதரி ஆலிஸ் விஷயம். அவளுக்குத் தெரிவது நடக்கப்போவது அல்ல, இப்போது எடுத்திருக்கும் முடிவுகளின் பலன். முடிவு மாறினால் காட்சியும் மாறும். பெல்லா பக்கத்தில் ஆலிஸ் எதையோ பார்த்தாள் என்று மட்டும் வரும். எட்வர்டுக்கோ ஆலிஸின் மனதிலிருந்து படமே நேரில் வருகிறது: ஒன்றில் பெல்லா அவன் கையால் செத்துக்கிடக்கிறாள், இன்னொன்றில் அவளும் வாம்பயர். இரண்டையும் அவன் வெறுக்கிறான். மூன்றாவது வழியைத் தேடுவதுதான் புத்தகத்தின் முதுகெலும்பு.

ஆக, எதிர்காலம் தெரிவதை விடையாக வைக்காமல் மிரட்டலாக வையுங்கள். நடைமுறை விதி ஒன்று: நாயகன் மனதை மாற்றிக்கொள்ளும் இடத்தில் மட்டுமே புதுக் காட்சி தெரியட்டும். சும்மா இருக்கும்போது தெரிந்தால் ஆசிரியர் உள்ளே புகுந்து உதவுகிறார் என்பது வெளியே தெரிந்துவிடும்.

முதல் புத்தகத்துலயே ஒரு தப்பு இருக்கு, நேரம் இடிக்குது. நான் என்ன செய்ய?

நாயகி தப்பாகப் பார்த்தாள் என்று வையுங்கள். ஒருவர் கண்ணில் பட்டதுதானே முதல் புத்தகம். அவளுக்குப் பத்து நிமிடம் போலத் தோன்றியது அவன் கணக்கில் நாலு நிமிடம். ஆனால் இந்தச் சலுகையை ஒரு கதைக்கு இரண்டு தடவைக்கு மேல் எடுத்தால், அவள் சொன்ன எதையும் நம்ப முடியாது என்றாகிவிடும். பேசப்பட்ட வசனத்தில் கைவைக்கவே கூடாது, மேலே சொன்னதுதான்.

எவ்வளவு நீளம் போகலாம்?

அமெரிக்கக் கெட்டி அட்டைப் பதிப்பில் ட்வைலைட் 498 பக்கம், மிட்நைட் சன் 658. சம்பவங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், கூடியது யோசனை. தூங்காதவன், எல்லார் மனதும் கேட்பவன், நொடிக்குள் நூறு விஷயம் யோசிப்பவன் என்றால் வீங்காமல் என்ன செய்யும்? தொடராக எழுதுகிறவர்கள் ஒரு பகுதியை 1,200 முதல் 1,500 சொல்லுக்குள் நிறுத்துங்கள். பகிர்ந்த காட்சி ஒன்று, அவன் தனிக் காட்சி ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் மூலம் படித்தவர்களும் அலுக்காமல் வருவார்கள்.

கதையை நம்ம ஊருக்குக் கொண்டு வரலாமா? வால்பாறை மாதிரி?

ஃபோர்க்ஸ் சும்மா தேர்ந்தெடுத்த ஊர் அல்ல. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, பெரும்பாலான நாள் மேகம். வெயில் பட்டால் தோல் மின்னும் ஆட்கள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றால் அப்படிப்பட்ட ஊர்தான் வேண்டும். வெயில் அடிக்கும் நாளில் குடும்பத்தோடு மலையேறப் போனதாகச் சொல்லி லீவு போட்டுவிடுவார்கள். வால்பாறையில் தென்மேற்குப் பருவமழைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில். மூன்று மாதம் தொடர்ந்து லீவு கொடுக்கும் தலைமையாசிரியர் கிடைக்கமாட்டார். ஒன்று வெயில் விதியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கதையைத் தென்மேற்குப் பருவத்துக்குள் முடியுங்கள்.

சொல்லிலும் ஒரு எச்சரிக்கை. மொழிபெயர்ப்பில் 'ரத்தக்காட்டேரி' என்று எழுதுகிறோம். காட்டேரி நம் கிராமங்களில் கும்பிடும் தெய்வம். கயானாவிலும் டிரினிடாடிலும் தமிழ் வம்சாவளியினரோடு போய்ச் சேர்ந்த வழிபாடு. நம் ஊரில் நடக்கும் கதையில் அந்தச் சொல்லைப் போட்டால் வாசகர் மனதில் வேறு உருவம் எழும். 'வாம்பயர்' என்றே வைத்துவிடுவது நல்லது.

பெல்லா, எட்வர்ட் பேரை வச்சே எழுதி புத்தகமா போட்டா கேஸ் வருமா?

வரலாம். பாத்திரம், கதைப்போக்கு, வசனம் மூன்றையும் எடுத்தால் அது தழுவல். தழுவும் உரிமை ஆசிரியருடையது. இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. இந்த விவகாரத்தில் வாம்பயருக்கே பழைய வரலாறு இருக்கிறது: 'டிராகுலா'வை அனுமதியில்லாமல் 1922-இல் 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படமாக எடுத்தார்கள், பெயர்களையும் மாற்றினார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழிக்க ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயர் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு உரிமை காலாவதியான கதைகளை எடுங்கள். ஸ்டோக்கர் இறந்தது 1912. டிராகுலா யாருக்கும் திறந்த கதவு. காதல் வேண்டுமென்றால் லெ ஃபானு 1872-இல் எழுதிய 'கார்மில்லா' இருக்கிறது. அதில் கதையைச் சொல்வது இரையாகும் பெண். வாம்பயரான கார்மில்லாவின் தரப்பு முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. அங்கே நாயகன் இல்லை, நாயகிகள் இருவர், ஆனால் மேலே சொன்ன காட்சிக் கணக்கு அப்படியே பொருந்தும்.

கடைசி அத்தியாயம் எங்க நிக்கணும்? மூலம் முடிஞ்ச இடத்துலயேவா?

அதே நாள், அதே இடம். இரண்டு புத்தகங்களும் பள்ளி நடன விழா இரவில்தான் முடிகின்றன. ஆனால் உணர்ச்சி அதே இடத்தில் முடியக்கூடாது. பெல்லாவுக்கு அது தொடக்கம். தன்னால்தான் அவளுக்கு ஆபத்து, ஒருநாள் விலகிப் போக வேண்டும் என்ற எண்ணத்தை எட்வர்ட் அப்போதே சுமந்துகொண்டிருக்கிறான். அடுத்த புத்தகமான 'நியூ மூன்' (2006) கதையில் அவன் சீக்கிரமே விட்டுப்போய்விடுவான் என்பது 2020-இல் படித்தவர்களுக்குத் தெரியும்.

தொடர்ச்சி இல்லாத மூலம் என்றால், அவன் அவளிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைசிக் காட்சியில் வசனம் ஒன்றும் மாறாமல், அந்த விஷயம் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போகட்டும். அவள் சொன்ன கடைசி வரியே இங்கேயும் கடைசி வரியாக இருக்கலாம், அதற்கு அவனுடைய பதில் இல்லாமல்.